ஏற்காட்டுல இருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போன கதை

ரெண்டு வயசு தாண்டியும் நான் கால் ஊனி நிக்கவே இல்லையாம். எண்ணெய் தேச்சு, வைத்தியம் பாத்து எல்லாம் ஓஞ்சு போய் அம்மா ஒருநாள் மாதா படத்துக்கு முன்னாடி முட்டி போட்டு நேர்ந்துகிட்டாங்க, "இவ நடந்துட்டா உன் கோயிலுக்கு நடந்தே வருவா, இவளோட முதல் கொலுசு உனக்குத்தான்"னு. வேளாங்கண்ணி நடுத்திட்டுல மோர் வித்த கால் ஊனமான பையன்கிட்ட மாதா தன் குழந்தைக்கு மோர் கேட்டாங்க, அவன் குடுத்தான், அப்புறம் எந்திரிச்சு நாகப்பட்டினத்துக்கே ஓடிப்போய் சேதி சொன்னான்னு சொல்ற கதை இருக்குல்ல, அத கேட்டு வளந்தவங்க அம்மா.

நான் நடந்தேன். கொலுசும் செவ்வாப்பேட்டையில வாங்கினாங்க, மூணு மணி வச்ச சின்ன கொலுசு. ஆனா தோட்டத்து வேலை, கடன், கல்யாணம்னு வருஷம் ஓடிருச்சு, கொலுசு அம்மா பீரோவுல துணியில சுத்தியே கிடந்துச்சு. இப்ப அம்மாவுக்கு முட்டி வலி, நாலு படி ஏற முடியல. இந்த வருஷம் நான் கிளம்பிட்டேன், கூட சித்தியும்.

ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்பு திருவிழா பூசை முடிஞ்சு மறுநாள் விடிகாலை மலை இறங்கினோம், 20 கொண்டை ஊசி வளைவும் நடந்தே. அரிசிப்பாளையம் குழந்தை இயேசு பேராலயத்துல ஜெபம் பண்ணிட்டு சேலத்து குழுவோட சேந்துகிட்டோம். எல்லாரும் காவி உடுப்பு, முன்னாடி சின்ன சப்பரத்துல மாதா, சாமான் ஏத்திகிட்டு ஒரு டெம்போ. அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஆத்தூர்னு போகும்போது ரோட்டோரம் மரவள்ளிக்காடு, சேகோ மில்லுல இருந்து வர்ற அந்த புளிச்ச வாசனை, அதுவரைக்கும் நம்ம ஊருதான்.

மலையில ஏறி இறங்கி பழகின காலுக்கு சமதரை ஈசின்னு நெனச்சிருந்தேன், அப்படி இல்லைங்க. மேட்டுலயும் பள்ளத்துலயும் கால் மாத்தி மாத்தி வேலை செய்யும், சமதரையில ஒரே இடம் ஒரே மாதிரி அடி வாங்கும், அதுவும் தார் ரோட்டுல. சின்னசேலம் தாண்டுறதுக்குள்ள ரெண்டு பாதத்துலயும் கொப்புளம். காலையில 3 மணிக்கு கிளம்பி வெயில் ஏறுற வரைக்கும் நடை, பகல்ல ஏதாவது கோயில் வளாகத்துலயோ மண்டபத்துலயோ படுக்கை, மறுபடி சாயந்திரம் நடை. யாராவது ஒருத்தர் "வேளாங்கண்ணி மாதாவே"ன்னு குரல் குடுப்பாங்க, மத்தவங்க "மரியே வாழ்க"ம்பாங்க, அதுக்கப்புறம் ஒரு கிலோமீட்டர் வலி தெரியாது. ஜெபமாலை எத்தனை சொன்னேன்னு கணக்கே இல்ல, 53 மணி முடிஞ்சா மறுபடி முதல்ல இருந்து.

விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம். அங்க பாத்தா சென்னையில இருந்து கடலூர் வழியா நடந்து வர்ற கூட்டம், ரோடே காவி. கொள்ளிடம் பாலம் தாண்டினதும் ஒரு பாட்டி, நெத்தி நெறைய திருநீறு, பானையில மோர் வச்சுகிட்டு உக்காந்திருந்தாங்க. "குடிங்க தாயி, எனக்கும் சேத்து வேண்டிக்கங்க"ன்னாங்க. மோரை கையில வாங்கினதும் எனக்கு பேச்சே வரல, அந்த பையன் ஞாபகம். பாட்டி என்னத்துக்கு வேண்டிக்க சொன்னாங்கன்னு கேக்கல, இன்னைக்கும் ஜெபத்துல சேத்துக்கறேன்.

கடலை முதல்முதலா தரங்கம்பாடியில பாத்தேன். 1620ல டேனிஷ்காரங்க கட்டின கோட்டை கடலை பாத்து நிக்குது, 1706ல சீகன்பால்குங்கிற ஜெர்மன் பாதிரியார் வந்து இறங்கினதும் இந்த ஊருதான், 1715ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சடிச்சு முடிச்சதும் இங்கதான். நாங்க கத்தோலிக்கர், அவர் லூத்தரன்ங்கிற புராட்டஸ்டன்ட் சபைக்காரர், ஆனாலும் தமிழ்ல வேதத்தை அச்சுல குடுத்த ஊருன்னு சித்தி கீழ குனிஞ்சு மண்ணை தொட்டு கும்பிட்டாங்க. எனக்கு கடல் சத்தம் ராத்திரி எஸ்டேட்ல சில்வர் ஓக் மரத்துல காத்து அடிக்கிற சத்தம் மாதிரியே இருந்துச்சு.

காரைக்கால் தாண்டி நாகூர்ல தர்கா மினாரா அஞ்சும் தூரத்துல இருந்தே தெரிஞ்சுது, அந்த தெருவுல ஒரு பாய் குடும்பம் எங்க எல்லாருக்கும் தண்ணியும் பிஸ்கட்டும் குடுத்தாங்க. நாகப்பட்டினம் வந்ததும் குழுவே அமைதியாயிருச்சு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயித்துக்கிழமை, சுனாமி இந்த கரையில எத்தனை பேரை கொண்டு போச்சு. அந்த ஆத்துமாக்களுக்காக ஒரு ஜெபமாலை முழுசா சொல்லிகிட்டே நடந்தோம்.

28ஆம் தேதி ராத்திரி வேளாங்கண்ணி. மறுநாள் 29 கொடியேற்றம், அங்க இருந்து செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரைக்கும் திருவிழா. வெள்ளையா பேராலய கோபுரம் லைட்டு வெளிச்சத்துல தெரிஞ்சதும் சித்தி நடுரோட்டுலயே உக்காந்து அழுதுட்டாங்க. பொழுது விடிஞ்சதும் கடல்ல குளிச்சுட்டு, கொப்புளத்துல உப்புத்தண்ணி பட்டு எரிய எரிய, நடுத்திட்டு கோயிலுக்கு போனேன். மோர் பையன் எந்திரிச்ச இடம். துணியை பிரிச்சு கொலுசை கடைசியா ஒருதரம் ஆட்டி பாத்தேன், மணி சத்தம் அப்படியே இருந்துச்சு. காணிக்கையில சேத்துட்டேன்.

வெளிய வந்து அம்மாவுக்கு போன் போட்டேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல அவங்க. அப்புறம், "கால் வலிக்குதா கண்ணு?"ன்னாங்க.

"ரொம்ப வலிக்குதும்மா"ன்னேன்.

"மரியே வாழ்க"ன்னு சொல்லி அழ ஆரம்பிச்சுட்டாங்க.