லின்ட்சேயில் நான்கு பரப்புக் காணி

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. றோல்ஸ் தட்டு இன்னொரு முறை மேசையைச் சுற்றி வந்துகொண்டிருந்த வேளையில், நாங்கள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துச் சிறு ஊரான லின்ட்சேப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருப்பதை மனைவி சொல்லிவிட்டார். அம்மாவின் அக்காவைக் கட்டிய பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்ரை அப்பாவின்ரை தகப்பன் உடுப்பிட்டியை விட்டிட்டு கிளிநொச்சிக் காட்டுக்குப் போனவர். நீ இஞ்சை இருந்து காட்டுக்குப் போறாய். இது பரம்பரை வருத்தம் தம்பி" என்றார். மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்தச் சொல் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. வாடகைத் தொடர்மாடியின் மின்தூக்கியில் ஏறும்போதுகூட அது இறங்கவில்லை.

காட்டுக்குப் போக எங்களுக்கும் ஆசை இருந்ததில்லை. 2022 பெப்ரவரியில் ரொறன்ரோ பெரும்பாகத்தில் விற்கப்பட்ட வீடுகளின் சராசரி விலை 13 இலட்சம் டொலரைத் தாண்டியிருந்தது. அடுத்த மாதம் கனடா மத்திய வங்கி 0.25 வீதமாக இருந்த தன் அடிப்படை வட்டியை உயர்த்தத் தொடங்கி, 2023 யூலைக்குள் 5 வீதத்துக்குக் கொண்டுபோய்விட்டது. வீட்டு விலை இறங்கியது. மாதத் தவணை ஏறியது. விலை குறைந்ததால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நன்மையும் வரவில்லை. அத்தோடு ரொறன்ரோ எல்லைக்குள் வாங்குவோர் காணி கைமாறும் வரியை இரண்டு தடவை கட்ட வேண்டும்: மாகாணத்துக்கு ஒன்று, மாநகரத்துக்கு ஒன்று. எட்டு இலட்சம் டொலர் வீட்டுக்கு ஒவ்வொன்றும் 12,475 டொலர் வரும். முதல் வீடு வாங்குபவருக்கு இரண்டிலும் கொஞ்சம் கழித்துக் கொடுக்கிறார்கள் என்றாலும், கதவுக்குச் சாவி போடுவதற்கு முன்பே இவ்வளவு காசு போகிறதே என்ற எரிச்சல் கழிவதில்லை. அதே வீட்டுக்கு ஆகக் குறைந்த முற்பணம், முதல் ஐந்து இலட்சத்துக்கு 5 வீதமும் மீதிக்கு 10 வீதமுமாக, 55,000 டொலர். அதைச் சேர்ப்பதற்குள் வீடு எங்களை விட்டு இன்னும் இரண்டு எட்டுத் தள்ளிப் போய்விடுகிறது.

ஆகவே எல்லோரையும் போல நாங்களும் 401 நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்தோம். பிக்கரிங், ஏஜக்ஸ், விற்பி ஆகியவை எங்கள் ஆட்கள் முன்னரே போய் விலையை ஏற்றிவிட்ட ஊர்கள். லேக்ஷோர் கிழக்குப் பாதையில் ஓடும் கோ என்ற புறநகர் ரயில் ஒஷாவாவோடு நின்றுவிடுகிறது; அதற்கப்பால் வாங்குபவர் காரையும் காலநிலையையும் நம்பி வாங்குகிறார். போர்ட் ஹோப்பில் ஏரிக்கரையும் பழைய செங்கல் வீதியும் கண்ணைப் பறித்தன. பிறகுதான், 1930களில் அங்கே தொடங்கிய ரேடியம் ஆலையின் கழிவு ஊரின் மண்ணில் கலந்திருந்ததையும், அதை அள்ளி அகற்ற 2012இல் மத்திய அரசு 1.28 பில்லியன் டொலர் ஒதுக்கியதையும் வாசித்தோம். துப்புரவு முறையாகத்தான் நடக்கிறது. ஆனாலும் மனைவி அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்த ஊரைத் திறந்தார்.

வீடு விற்கும் முகவர்களைக் கேட்டால் ஒன்ராறியோவில் வளராத ஊரே இல்லை. எல்லாமே "வளர்ந்து வரும்" ஊர்கள்தான். இந்த வளர்ச்சிக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது சென்ற் தோமஸ். அங்கே நகரத்துக்குள் நுழையும் இடத்தில் ஆளுயரமல்ல, ஆனையுயரத்திலேயே ஒரு யானைச் சிலை நிற்கிறது. 1885இல் சர்க்கஸோடு வந்து ரயிலில் அடிபட்டு இறந்த ஜம்போ என்ற ஆபிரிக்க யானைக்கு, நூறாண்டு கழித்து ஊரார் எழுப்பிய நினைவு அது. பிள்ளையார் துணை நிற்கும் ஊர் என்று நான் சொன்னேன். மனைவி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு அருகே இருந்த ஃபோர்ட் கார் ஆலை 2011இல் மூடப்பட்டு வேலைகள் போயின; 2023இல் ஃபொக்ஸ்வாகன் அங்கே மின்கல ஆலை கட்டுவதாக அறிவித்தது. இப்படி ஓர் ஆலையின் மூச்சில் உயிர்வாழும் ஊரில், அறிவிப்பைக் கேட்ட மறுநாள் வீடு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்மித்ஸ் ஃபோல்ஸைப் பாருங்கள்: ஹேர்ஷி சொக்கலேற் ஆலை 2008இல் மூடியது, பிறகு அதே கட்டடத்தில் கஞ்சா வளர்த்தார்கள், 2023இல் ஹேர்ஷியே அதைத் திருப்பி வாங்கியது. அந்த ஊரில் வீடு வைத்திருந்தவரின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். ஒரேயோர் ஆலை இருக்கும் ஊரைவிட, ஒரு வைத்தியசாலை, ஒரு கல்லூரி, ஒரு மாவட்டச் செயலகம் என்று சோறுபோடும் கைகள் பல இருக்கும் ஊரே மேல் என்பது என் கணிப்பு.

லின்ட்சேயில் அவை மூன்றும் உண்டு. ஸ்கூகொக் ஆறு ஊருக்குள் ஓடுகிறது. ட்ரென்ட்-செவேர்ன் நீர்வழியில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகுப்பூட்டு ஒன்று அங்கே இருக்கிறது. கடைத்தெருவான கென்ட் வீதி, இரண்டு தேர் ஒன்றாகப் போகலாம் என்னுமளவுக்கு அகலம். ஒருகாலத்தில் பல ரயில் பாதைகள் கூடிய ஊர், இன்று பயணிகள் ரயில் எதுவும் இல்லாதது. அயலில் இருக்கும் பீற்றர்பரோவில் நிற்கக்கூடிய அதிவேக ரயில் திட்டத்தை 2025 பெப்ரவரியில் மத்திய அரசு அறிவித்ததிலிருந்து, முகவர்கள் அந்த ரயிலின் சத்தம் இப்போதே கேட்பதுபோலப் பேசுகிறார்கள். நான் அந்த ரயிலை என் கணக்கில் சேர்க்கவில்லை. ஸ்காபரோவிலிருந்து ஒன்றரை மணிநேர ஓட்டம், பனிப்புயலில் எவ்வளவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 35ஆம் இலக்க நெடுஞ்சாலையால் இறங்கி 407ஐப் பிடித்தால், அதன் கிழக்குப் பகுதியில் 2025 யூன் முதல் சுங்கம் இல்லை. இது மட்டும்தான் கைக்கு எட்டிய வளர்ச்சி.

இவ்வளவையும் அளந்து நிறுத்துப் பார்த்த பிறகு, ஊருக்குச் சற்று வெளியே ஒரு வீட்டின் விபரத்தாளில் 66 அடிக்கு 165 அடி என்று காணியளவைக் கண்டபோது என் கணக்கெல்லாம் குழம்பிப் போயிற்று. பெருக்கினால் 10,890 சதுர அடி. சரியாகக் கால் ஏக்கர். எங்கள் ஊர்க் கணக்கில் பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்றால், இது இம்மியும் கூடாமல் குறையாமல் நான்கு பரப்பு. 66 அடி என்பது பிரித்தானிய நில அளவையாளரின் ஒரு சங்கிலி. அதே சங்கிலியை இழுத்துக்கொண்டுதான் அவர்கள் ஒன்ராறியோவின் காட்டையும் எங்கள் வளவுகளையும் அளந்திருக்கிறார்கள். ரொறன்ரோவின் புதுக் குடியிருப்புகளில் 20 அடி முகப்புக் காணிகளைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிப்போயிருந்த மனம், அந்த நான்கு பரப்பில் உடனே வேலி அடைக்கத் தொடங்கிவிட்டது. கிழக்கு வேலியோரம் தோடை, கிணற்றடியில் கமுகு, வாய்க்கால் கரையில் வாழை. இங்கே தோடை வராது, கமுகு வராது, வாழை பனிக்கு முன் வீட்டுக்குள் வர வேண்டும். தெரியும். தெரிந்துகொண்டும் நட்டேன்.

கிணறு என்றேனே, அந்த வீட்டுக்கு மாநகரக் குழாய் நீர் இல்லை, கிணறும் மலக்குழியும்தான். நண்பர்கள் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்தார்கள். யாழ்ப்பாணத்தானுக்குக் கிணற்றைக் காட்டிப் பயமுறுத்துவது என்ன நியாயம்? ஆனால் போய்ப் பார்த்தபோதுதான் அது கிணறு என்று நம்பக் கடினமாக இருந்தது. கட்டு இல்லை, கப்பி இல்லை, எட்டிப் பார்க்க வாய் இல்லை. புல்லுக்குள் முழங்கால் உயரத்துக்கு ஓர் உருக்குக் குழாய், மேலே போல்ட் இறுக்கிய மூடி. குழாய் நிலத்துக்கு மேலே குறைந்தது 40 சென்ரிமீற்றர் நிற்க வேண்டும் என்பது மாகாணச் சட்டம். மனைவி அதைச் சுற்றி வந்து, "வெள்ளிக்கிழமை இதிலை எங்கை நிண்டு முழுகிறது?" என்று கேட்டார். முகவர் எங்கள் சிரிப்பின் காரணம் விளங்காமல், பம்பி புதியது என்று உறுதி கூறினார்.

சிரிப்பு ஒருபுறம் இருக்க, தண்ணீரில் விளையாட முடியாது. 2000ஆம் ஆண்டு இதே மாகாணத்தின் வோக்கர்ட்டனில் ஊர்க் கிணற்று நீரில் ஈகோலி கிருமி கலந்து ஏழு பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். எங்கள் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலும் கழிவெண்ணெய் கலந்து, பரம்பரையாகக் குடித்த கிணறுகளைப் பூட்டிவைத்துப் பவுசர் வண்டித் தண்ணீருக்கு நின்ற கதை எல்லோரும் அறிந்ததே. ஒன்ராறியோவில் தனியார் கிணற்று நீரைக் கிருமிக்காக இலவசமாகப் பரிசோதித்துத் தருகிறார்கள். எனவே நீர்ப் பரிசோதனை, மலக்குழிப் பரிசோதனை, வங்கியின் சம்மதம் மூன்றையும் நிபந்தனையாக எழுதித்தான் விலை கேட்டோம். 2022இல் இப்படி நிபந்தனை எழுதியிருந்தால் முகவர் எங்கள் அழைப்பை எடுத்திருக்கவே மாட்டார். பழைய வீடென்றால் மின்கம்பி எந்தக் காலத்தது, வெப்பமூட்டி எண்ணெயில் ஓடுகிறதா எரிவாயுவில் ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இவை இரண்டிலும் காப்புறுதிக்காரர் முகம் சுளித்தால், மலிவாக வாங்கிய வீடு மலிவாக இருக்காது.

உறவினர் ஒருவர்கூட இவற்றைக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒன்றே: அங்கை எங்கடை ஆக்கள் இருக்கினமோ? இடியப்பத்துக்கு எங்கே போவாய், பிள்ளைக்குத் தமிழ் வகுப்பு எங்கே, ஒரு செத்தவீடு என்றால் எப்படி வந்து சேர்வாய்? கடைசிக் கேள்விதான் என்னைச் சுட்டது. இந்த நாட்டில் எங்கள் சனம் ஒருவரையொருவர் பார்ப்பதே மலர்ச்சாலை வாசலில்தான் என்றாகிவிட்ட பிறகு, ஒன்றரை மணிநேரத் தூரம் என்பது எத்தனை முகங்களை இழப்பது?

இதே கேள்வியை உடுப்பிட்டியில் அப்பாவின் தகப்பனான அப்புவிடமும் கேட்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் காணி போதாமல், 1936இல் இரணைமடுக் குளத்து நீரை நம்பிக் குடியேற்றமாகத் தொடங்கிய ஊர் கிளிநொச்சி. அப்பு ஐம்பதுகளில் உருத்திரபுரத்துக்குப் போனபோது, மலேரியா தின்னும், யானை மிதிக்கும், பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை வராது என்று தடுத்தார்களாம். எழுபதுகளில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, தடுத்தவர்களே அப்புவின் நெல்மூட்டையைத் தேடி வந்தார்கள் என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பாடசாலை விடுமுறைக்கு நாங்கள் போகும்போது வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளை அப்பு எங்களுக்காகவே பார்த்து வைத்திருந்ததுபோல இருக்கும். முதலில் சருகு வரும், பின்னால் செந்நிற நுரை, அதன் பின்னால் தண்ணீர், தண்ணீரோடு மீன்குஞ்சு, அதன் பின்னால் நாங்கள். பிறகு போரால் 1996இலும் 2008இலும் ஊர் முழுவதும் எழுந்து நடந்தது. அப்புவின் வீட்டில் நிலையும் கதவும்கூட மிஞ்சவில்லை. உறுதிப் பத்திரம் மட்டும் அப்பாவின் பெட்டியோடு கொழும்பு வழியாக ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எந்த முகவரின் விளம்பரத்திலும் வராத ஓர் உண்மையான வளர்ந்துவரும் ஊரின் காணித்துண்டு அது.

லின்ட்சேயில் எங்கள் ஆட்கள் இல்லாமலில்லை. எரிபொருள் நிலையத்தில் ஒருவர் என்னைக் கண்டதும், எந்த ஊர் என்று கேட்டார். நான் ஸ்காபரோ என்றேன், அவர் அதைக் கேட்கவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. அவர் ஸ்காபரோவிலிருந்து மரக்கறியும் மீனும் எடுக்கும் கிழமையைச் சொல்லி, தேவையானதைச் சொன்னால் சேர்த்து எடுத்து வரலாம் என்றார். மனைவி அன்றே முருங்கைக்காய்க்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

நீர்ப் பரிசோதனை முடிவு நன்றாக வந்தது, நிபந்தனைகள் கழிந்தன. விற்பவர் கைமாற்றத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்திருக்கிறார். வெள்ளி நல்ல நாள்தான். ஆனால் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை இராகுகாலம். பகல் முழுவதும் எந்த நேரத்திலும் சாவி வரலாம் என்கிறது வழக்கறிஞரின் அலுவலகம். நாங்கள் மதியம் ஒரு மணிக்குப் பிறகே சாவியைப் பெற்றுக்கொள்ள வசதிப்படும் என்று, காரணம் எதுவும் குறிப்பிடாமல், அவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.