துருவும் மிச்சமும்: ஒரு கார் ரிப்பேர் நாட்குறிப்பு

பிப்ரவரி 1, 2025, சனி

பிரேக்கை லேசாக மிதித்தாலே முன்பக்கம் கீச்சென்று கத்துகிறது. பேட் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கை அழுத்தி நிறுத்தும் கட்டை) தேய்ந்து மெலிந்ததும் டிஸ்கில் உரசிச் சத்தம் போடட்டும் என்றே பல பேடுகளில் ஒரு சின்னத் தகட்டை வைத்திருப்பார்கள். அந்தத் தகடுதான் இப்போது பேசுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டில் பேடோடு முன்பக்க டிஸ்குகள் இரண்டும் இருந்தன. டிஸ்கை யாரும் அளந்து பார்க்கவில்லை. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எவ்வளவு வரை தேயலாம் என்ற குறைந்தபட்ச தடிமனைப் பெரும்பாலான டிஸ்குகளின் மேலேயே பொறித்திருப்பார்கள். சக்கரத்தைக் கழற்றி மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். (சாதாரண வெர்னியர் இதற்கு ஆகாது. டிஸ்கின் ஓரத்தில் தேயாமல் நிற்கும் வரப்பு, அளவைக் கூட்டிக் காட்டிவிடும்.) இரண்டு டிஸ்கும் அந்த அளவுக்கு மேலே நன்றாகவே இருக்கின்றன. ஆழமான கீறல் இல்லை, வெடிப்பு இல்லை. ஒரு பாகம்கூட வாங்காமல் பட்டியலின் பெரிய தொகை கழிந்துவிட்டது.

பேட் மட்டும் போதும். நானே மாற்றப் போகிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜாக்கியில் தூக்கி, ஆக்சில் ஸ்டாண்டில் இறக்கி, காரை ஒருமுறை ஆட்டிப் பார்த்த பிறகுதான் வேலை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். அதை நம்பிக் காருக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. எத்தனை அவசரமானாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வலதுபக்கம் உள்பேட் அதன் அடித்தகடு வரை தேய்ந்திருக்கிறது, வெளிப்பேடில் இன்னும் பாதி இருக்கிறது. ஒரே சக்கரத்தில் இப்படி ஏறுமாறாகத் தேய்ந்தால், பெரும்பாலும் காலிபர் (பேடுகளை டிஸ்கில் அழுத்தும் கவ்வி) நகர்வதற்கான ‘பின்’ என்ற கம்பி இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். புதுப் பேடை மட்டும் மாட்டி அனுப்பியிருந்தால் அதுவும் சீக்கிரமே இதே கதிக்கு வந்திருக்கும்.

அந்தப் பின்னைப் பிடித்திருக்கும் போல்ட் அசையவில்லை. முழு வேலையில் இது ஐந்து நிமிடச் சமாச்சாரமாக இருக்க வேண்டியது. மதியம் முழுக்க அங்கேயே போனது.

பிப்ரவரி 4, செவ்வாய்

துருப்பிடித்த போல்டைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் சொந்தமாக ரிப்பேர் செய்பவரின் எரிச்சலில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் மரைகளுக்கு நடுவே ஆப்பு அறைந்த மாதிரி ஆகிவிடும். பலத்தைக் கூட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும்: தலை மழுங்கும், அல்லது போல்ட் முறியும். பிறகு துளைபோட்டு எடுக்க வேண்டும், மரை வெட்ட வேண்டும், ஒரு நாள் போச்சு.

பலன் கொடுத்தவை இவை. துருவுக்கான ஊடுருவும் எண்ணெயை அடித்து இரவு முழுக்க ஊறவிட்டது. பன்னிரண்டு மூலை சாக்கெட்டை வைத்துவிட்டு ஆறு மூலை சாக்கெட்டை எடுத்தது. அது போல்ட் தலையின் பட்டைகளைப் பிடிக்கும், முனைகளைத் தின்னாது. கழற்றுவதற்கு முன் இறுக்குகிற பக்கமாக ஒரு நூலளவு அசைத்தது. துருவின் பிடி முதலில் அங்கே உடைகிறது. அப்புறம் முன்னும் பின்னுமாக, எண்ணெயும் அசைவும் மாறி மாறி. ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தின் சந்தோஷம் காசு கொடுத்துக் கிடைக்காது.

நெருப்புக் காட்டினால் சீக்கிரம் இளகும் என்பது உண்மை. ஆனால் பக்கத்திலேயே ரப்பர் ஹோஸும் பிரேக் ஆயிலும் இருக்கும் இடத்தில் நான் அதைத் தொடவே மாட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

வந்த பேட் பொருந்தவில்லை. கார் அதே மாடல், அதே வருடம், ஆனால் காலிபர் வேறு வகை. ஒரே மாடலுக்கு இரண்டு நிறுவனங்களின் காலிபர்களை மாற்றி மாற்றிப் போட்டு விற்பது வழக்கம்தான், அதைக் கேட்டுக் கொடுப்பது விற்பவரின் வேலை. திருப்பி அனுப்பிவிட்டு, இந்த முறை சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ஆர்டர் போட்டேன். மாடல் பெயரைவிட எழுத்தும் எண்ணுமாகப் பதினேழு இடம் கொண்ட அந்த எண்தான் நம்பகமானது.

கார் ஸ்டாண்டு மேல் நிற்கிறது. எல்லோரும் வேறு வண்டி தேடிப் போகிறோம். மிச்சம் பிடித்த காசைப் பற்றிப் பேசும்போது இந்த நாட்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பிப்ரவரி 8, சனி

சரியான பேட் வந்தது, மாட்டியாச்சு. காலிபரைக் கழற்றியதும் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டேன். அதன் பாரம் பிரேக் ஹோஸில் விழக் கூடாது. பின்களைச் சுத்தமாகத் துடைத்து, ரப்பருக்குத் தோதான சிலிக்கான் கிரீஸ் தடவினேன். சாதாரண கிரீஸ் இங்கே விஷம். அது ரப்பர் உறையை உப்ப வைக்கும், அந்தப் ‘பின்’ மறுபடி இறுகும். பேடை அழுத்தும் காலிபர் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். வழிந்தால் பெயின்டை உரித்துவிடும் என்பதால் முன்னதாகவே கொஞ்சம் உறிஞ்சி எடுத்திருந்தேன்.

சக்கர நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரென்ச் வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கியாயிற்று. காரை நகர்த்தும் முன் பெடல் கெட்டிப்படும் வரை மிதிக்க வேண்டும். பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது.

சத்தம் இல்லை. வண்டி ஒரு பக்கமாக இழுக்கவும் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

பிரேக் ஆயில் கருத்திருந்ததால் அதையும் மாற்றினோம். இது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் திரவம். டாட் 4 என்ற தரம் என்றால் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி உள்ளே ஆயில் கொதித்தால், பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. பேடை மறக்காதவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள்.

தம்பி பெடலில், நான் சக்கரத்தடியில்.

“மிதி.”

“மிதிச்சுட்டேண்ணே.”

“அப்படியே பிடி, விட்டுடாதே... சரி, இப்ப விடு.”

பழைய ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்திருக்கும்போது பெடலை விட்டால் காற்று உள்ளே ஏறிவிடும். மிதித்துப் பிடிக்க ஒரு பொறுமையான ஆள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. தம்பிக்கு நன்றி.

மார்ச் 1, சனி

இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது. ஐடிலிங்கில் நடுக்கம், செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. மின்னினால் அப்படியே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைப் பாழாக்கும். இந்தக் காரின் உதிரிபாகங்களில் அது மிக விலை கூடியவற்றில் ஒன்று.

ஸ்கேனரைச் செருகினால் வந்த கோளாறுக் குறியீடு பி0302. இரண்டாவது சிலிண்டரில் மிஸ் ஃபயர். கோளாறு எங்கே என்பதைத்தான் குறியீடு சொல்கிறது, எந்தப் பாகத்தை வாங்கு என்று சொல்வதில்லை. பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், இன்ஜெக்டர், காற்றுக் கசிவு, கம்ப்ரஷன் குறைவு என்று எதுவும் இருக்கலாம். வரிசையாக வாங்கி மாட்டிப் பார்த்தால் கடைசியில் சரியாகத்தான் போகும், ஆனால் அதற்குள் ஒர்க்‌ஷாப் பில்லைத் தாண்டியிருக்கும்.

இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றில் மாட்டி, மூன்றின் காயிலை இரண்டில் மாட்டினேன். குறியீட்டை அழித்துவிட்டு, நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டேன். வந்தது பி0303. கோளாறு காயிலோடு கூடவே நகர்ந்துவிட்டது, அப்படியானால் காயில்தான். செலவே இல்லாத சோதனை. சொந்த ரிப்பேரில் உண்மையான மிச்சம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: கூலியைவிட, தேவையில்லாத பாகத்தை வாங்காமல் இருப்பது.

மார்ச் 9, ஞாயிறு

புதுக் காயில் போட்டாயிற்று, ஓட்டம் சீராகிவிட்டது. நோட்டில் கணக்கு எழுதினேன். பிரேக் வேலையில் மிச்சமான கூலியில் பெரும்பகுதியை டார்க் ரென்ச்சும் ஸ்டாண்டுகளும் மைக்ரோமீட்டரும் சாப்பிட்டுவிட்டன. காயில் வேலைக்குப் புதிதாகக் கருவி எதுவும் வாங்கவில்லை. முதல் வேலையில் கை கடிக்கும், அடுத்ததிலிருந்து லாபம் தெரியும்.

நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? விடுமுறை நாளில் செய்ததற்குக் கூலி போட நான் தயாரில்லை. ஆனால் வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு, கார் ரிப்பேரில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போன நாள். அவருக்கு என் கணக்கு பொருந்தாது.

மார்ச் 15, சனி

வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும் கிலோமீட்டர் நெருங்குகிறது. இதை ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுக்கிறேன். இந்த இன்ஜினில் டைமிங் தப்பினால் வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும், பிறகு இன்ஜினையே பிரிக்க வேண்டும். சரியாகப் பூட்டி நிறுத்தும் பிரத்யேகக் கருவிகள் என்னிடம் இல்லை, ஒரே தடவைக்காக வாங்குவதிலும் அர்த்தமில்லை. ஏர்பேகையும் ஏசி கேஸையும் இதே காரணத்துக்காகத் தொடுவதில்லை.

இம்முறை மதிப்பீட்டை வரி வரியாகக் கேட்டு வாங்கினேன். வாட்டர் பம்ப் அதே மூடிக்குப் பின்னால் இருக்கிறது, அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. தனியாக மாற்றினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். அதனால் பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், கூலன்ட் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஏர் ஃபில்டரையும் கேபின் ஃபில்டரையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன், அவை இரண்டையும் இன்று மாலையே நான் மாற்றிவிடுவேன்.