சிறிய டிரில்லிங் மெஷின் வாங்கி நான் பட்ட பாடு

கையில் பிடிக்கும் டிரில்லால் துளையிட்டு நானே செய்த இரண்டு கத்திகளின் பிடியைப் பாழாக்கிய பிறகு, மேசைமேல் வைக்கும் சிறிய டிரில்லிங் மெஷின் ஒன்றை வாங்கினேன். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த மோட்டாரின் வாட் அளவையும், 10 மி.மீ. வரை துளையிடலாம் என்ற வரியையும் மட்டும் பார்த்து, இருந்தவற்றில் விலை குறைந்ததையே எடுத்தேன். கத்தி வேலைக்கு அந்த இரண்டு தகவல்களும் ஏறக்குறைய எதற்கும் உதவாதவை என்பது வீட்டுக்கு வந்த பிறகே தெரிந்தது.

துளையின் இடத்தைக் குறிக்கும் கூர்முனைக் கருவியான சென்டர் பஞ்சால் அடித்த புள்ளியில் 3 மி.மீ. பிட் (துளையிடும் அலகு) நேராக இறங்கவில்லை. இரும்பைத் தொட்டதும் புள்ளியைச் சுற்றி ஒரு சிறு வட்டம் போட்டுவிட்டுத்தான் உள்ளே சென்றது. பிடியைக் கத்தியோடு இணைக்கும் 5 மி.மீ. பின்னுக்காக இட்ட துளையில் அந்தப் பின் லொடலொடவென்று ஆடியது. அந்த மெஷினின் மிகக் குறைந்த வேகமே நிமிடத்துக்கு 1,400 சுற்று. பதப்படுத்தாத (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்காத) கருவி எஃகில் 6 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட்டை ஓட்ட 800 சுற்றுக்கு அருகில் இருந்தால் போதும் என்பதால், பிட்டின் முனை கிறீச்சிட்டு நீலம் பாய்ந்து மழுங்கியது. மழுங்கிய முனை தேய்த்துத் தேய்த்து அந்த இடத்து எஃகே இறுகிவிட்டதால், அடுத்து மாட்டிய புதிய பிட்டும் வழுக்கியது.

திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், இந்த விலைக்கு இவ்வளவுதான் வரும் என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். ஓடவிட்டுக் காட்டுங்கள் என்று வாங்கும்போதே கேட்காமல் போனேனே என்ற வருத்தம் இன்னும் ஆறவில்லை. பிறகு பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்தான் கோணல் என்று நினைத்து, வேறோர் இடத்தில் நல்ல சக் ஒன்றை வாங்கிவந்தேன். மெஷினோடு பொருந்தும் அதன் கூம்பின் அளவு பி16 டேப்பர். என் மெஷினில் இருந்ததோ பி12. மறுபடி அலைந்து மாற்றிவந்து பொருத்தியும் ஆட்டம் குறையவில்லை, ஏனென்றால் குறை சக்கில் இல்லை. சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைத் தாங்கி ஏறி இறங்கும் குவில் என்ற குழாய் அதன் உறைக்குள் தளர்வாக இருந்தது. முழுவதும் கீழே இறக்கி விரலால் அசைத்தபோது அது பக்கவாட்டில் நகர்வது கண்ணுக்கே தெரிந்தது. சக்குக்குச் செலவழிப்பதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் பணமும் இரண்டு பயணங்களும் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது முறை, ஒருவர் பயன்படுத்திய பழைய வார்ப்பிரும்பு மெஷின் ஒன்றைப் பார்க்கச் சென்றபோது நேரான மெருகிட்ட எஃகுத் தண்டையும், நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜையும் எடுத்துச் சென்றேன். தண்டைச் சக்கில் இறுக்கி, மின்சாரம் இல்லாமல் புல்லியைக் கையால் மெல்லச் சுற்றியபோது முள் 0.05 மி.மீ.க்குமேல் நகரவில்லை. முதல் மெஷினில் அதே தண்டு 0.3 மி.மீ. காட்டியிருந்தது. குவிலை முழுவதும் இறக்கி அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. பெல்ட்டை மாற்றினால் வேகம் 500 சுற்று வரை இறங்கியது. பெயின்ட் உரிந்திருந்ததையும் மேசையில் பழைய துளைகள் இருந்ததையும் நான் பொருட்படுத்தவில்லை. அவை துளை நேராக விழுவதைக் கெடுப்பதில்லை. அதையே வாங்கிவந்தேன்.

மேசை மட்டும் சற்றுச் சாய்ந்திருந்தது. வளைத்த கம்பி ஒன்றைச் சக்கில் மாட்டி, அதன் நுனி மேசையைத் தொட்டும் தொடாமலும் சுற்றிவருமாறு சுழற்றினால் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். அந்தப் பக்கத்துக்கு மெல்லிய தகடு கொடுத்துச் சரிசெய்தேன்.

எவ்வளவு நல்ல மெஷினானாலும் கத்தியைக் கையால் பிடித்துக்கொண்டு துளையிட வேண்டாம். பிட் மறுபக்கம் வெளிவரும் கணத்தில்தான் இரும்பைக் கவ்வும். அப்போது கத்தி முழுவதும் பிட்டோடு சேர்ந்து சுழலும். கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், கையுறையைக் கழற்றிவிடுங்கள். பதப்படுத்துவதற்கு முன்பே எல்லாத் துளைகளையும் இட்டுவிடுங்கள். கடினமான பிறகு சாதாரண பிட் இறங்காது.

இந்த இரண்டாவது மெஷினில் முதலில் கத்தியின், பிடி பொருந்தும் வால் பகுதியில் துளையிட்டு, பதப்படுத்தி முடித்த பின், அதையே வழிகாட்டியாக வைத்து இரண்டு பிடிப்பலகைகளையும் அடியில் மரத்துண்டு கொடுத்து ஒவ்வொன்றாகத் துளைத்தேன். மூன்றையும் அடுக்கி 5 மி.மீ. பித்தளைப் பின்னை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தியபோது, சுத்தியலே தேவைப்படாமல் அது மறுபக்கம் எட்டிப் பார்த்தது.