உப்பு எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் எழுதுங்கள்

விலங்கு உடலியங்கியல் பாடத்தின் இடைப்பருவச் சோதனையில் 20 புள்ளிக்கு வந்த கேள்வி இது: ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் மீன் உப்பு நீருக்கு எப்படிப் பழகுகிறது, அதில் ஹார்மோன்களின் பங்கு என்ன? மூன்று பக்கம் எழுதினேன். கிடைத்தது 7 புள்ளி.

நான் படித்திருந்தது ஓர் அட்டவணை. புரோலாக்டின் என்றால் நன்னீர், கார்டிசோல் என்றால் கடல்நீர், வளர்ச்சி ஹார்மோனும் கடல்நீர். அதை ஒப்பித்துவிட்டு வந்தேன். அந்த ஹார்மோன்கள் மீனின் உடம்பில் எதைப் போய் மாற்றுகின்றன என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்த விடுமுறைக்கு மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயாவுக்கு வந்திருந்தேன். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். செம்பனைத் தோட்டங்களை ஒட்டி ஓடும் சிலாங்கூர் ஆறு, கீழே கோலா சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. மாமா ஒரு சியாக்காப் கொண்டுவந்திருந்தார். தமிழ்நாட்டில் கொடுவா என்பார்களே, அதுதான். அம்மா கழுவித் தரச் சொன்னார்.

"மாமா, இது ஆத்து மீனா, கடல் மீனா?"

"ரெண்டும்தாம்மா. முட்டை போட முகத்துவாரத்துக்குப் போகும். குஞ்சுங்க ஆத்துல ஏறி வரும்."

செவுள் மூடியைத் தூக்கினேன். சீப்புப் பற்கள்போல வரிசை வரிசையாகச் சிவப்பு இழைகள். நான் எழுதாமல் விட்ட பதில் அங்கேதான் இருந்தது. அன்றைக்குத்தான் பாடத்தைத் திரும்ப முதலிலிருந்து படித்தேன். நீங்களும் இந்த வழியில் போய்ப் பாருங்கள்.

முதலில் மூன்று எண்கள். மீனின் இரத்தத்தில் கரைபொருளின் அளவு கிலோவுக்குச் சுமார் 300 மில்லி ஆஸ்மோல் (கரைந்த துகள்களை எண்ணும் அலகு). கடல்நீரில் ஏறக்குறைய 1,000. ஆற்று நீரில் மிக மிகக் குறைவு. ஆகவே ஆற்றில் இருக்கும்போது தண்ணீர் உள்ளே புகும், உப்பு வெளியே கசியும். கடலில் அப்படியே தலைகீழ். இந்த இரண்டு வரியையும் பதிலின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கும்.

அடுத்து ஒரே ஒரு செல்லை வரையுங்கள். செவுளில் உப்பைக் கடத்தும் அயனோசைட், அதாவது பழைய நூல்களில் வரும் குளோரைடு செல். ஆய்வாளர்கள் கீஸும் வில்மரும் 1932இல் விலாங்கின் செவுளில் விவரித்தது. இதில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் எந்தப் பக்கம் இருக்கிறது? உப்பு கடலுக்குப் போவதால் பம்பும் கடல் பக்கம் இருக்கும் என்று தோன்றும். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது இரத்தப் பக்கச் சவ்வில் இருக்கிறது. பம்ப் சோடியத்தை இரத்தப் பக்கமாக வெளியேற்றுவதால் செல்லுக்குள் சோடியம் குறைகிறது. அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டு என்.கே.சி.சி. என்ற கடத்தி இரத்தத்திலிருந்து சோடியம், பொட்டாசியத்தோடு குளோரைடையும் உள்ளே இழுக்கிறது. குளோரைடு, நீரைத் தொடும் மேல்பக்கத்து சி.எஃப்.டி.ஆர். வாய்க்கால் வழியாகக் கடலுக்குப் போகிறது. சோடியம் செல்களுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியாக அதன் பின்னாலேயே கடலுக்குப் போகிறது. இதைப் பார்க்காமல் வரையும் அளவுக்குப் பழகுங்கள். நான் பத்துத் தடவையாவது வரைந்திருப்பேன்.

படம் கைக்கு வந்த பிறகுதான் ஹார்மோன்கள். கார்டிசோல் இந்தச் செல்களையும் பம்புகளையும் பெருக்குகிறது. வளர்ச்சி ஹார்மோன், தான் தூண்டிவிடும் ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோன் வழியாகவும் வேலை செய்கிறது, செவுளில் கார்டிசோல் ஏற்பிகளையும் கூட்டுகிறது. அதனால்தான் இரண்டும் சேர்ந்தால் பலன் அதிகம். புரோலாக்டின் எதிர்த் திசை: கசிவைக் குறைத்து, உப்பை உடம்பில் காப்பாற்றும். இதற்குச் சான்றாக 1959இல் ஆய்வாளர்கள் பிக்ஃபோர்டும் ஃபிலிப்ஸும் செய்த சோதனையை எழுதுங்கள். புரோலாக்டினைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி நீக்கப்பட்ட ஃபண்டுலஸ் என்ற சிறு மீன்கள் நன்னீரில் செத்தன. புரோலாக்டின் கொடுத்ததும் பிழைத்தன. சோதனையைச் சொல்லும் பதிலுக்கு ஒரு தனி எடை உண்டு.

கார்டிசோலைக் கடல்நீர் ஹார்மோன் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். நன்னீரில் உப்பை உள்வாங்கவும் அது உதவுகிறது. நமக்கு இருப்பதுபோல, உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் இந்த எலும்பு மீன்களுக்கு இல்லை.

கேள்வியில் 'வலசை' என்ற சொல் இருந்தால் சால்மனுக்குப் போங்கள். நம் குளத்துத் திலாப்பியா, நீரின் உப்பு மாறும்போது அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. இளம் சால்மனோ ஆற்றில் இருக்கும்போதே தயாராகிவிடுகிறது. வசந்தத்தில் பகல் நீள நீள வளர்ச்சி ஹார்மோனும் கார்டிசோலும் ஏறுகின்றன, தைராய்டு ஹார்மோனும் கூடுகிறது, உடலின் பட்டைகள் மறைந்து வெள்ளி நிறம் வருகிறது. கடலைப் பார்க்காத மீனின் செவுளில் கடலுக்கான பம்ப் வகை கூடத் தொடங்கியிருக்கும். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

விடையை எந்த மொழியில் எழுதினாலும், யோசிக்கும்போது தமிழில் ஒருமுறை உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். எங்கே புரியவில்லையோ அங்கே வாய் தானாக நின்றுவிடும். எனக்கு என்.கே.சி.சி.யில் நின்றது.

அப்புறம், இறுதித் தேர்வில் விலாங்கை வைத்துக் கேட்டார்கள். முதலில் செல்லை வரைந்தேன், பிறகு அம்புக்குறிகளில் ஹார்மோன்களை எழுதினேன். நேரம் மிஞ்சியதால் குடலையும் சேர்த்தேன்: கடல் மீன் தண்ணீர் குடிக்கும், குடல் உப்போடு சேர்த்து அந்த நீரை உறிஞ்சும், மக்னீசியமும் சல்ஃபேட்டும் சிறுநீரகம் வழியாகப் போகும். உங்களுக்கு நேரம் குறைவாக இருந்தால் இதை இரண்டு வரியில் முடித்துவிடலாம், செவுளின் படத்தை மட்டும் சுருக்காதீர்கள்.