எல்லாருக்கும் தெரியும்படி

அமெரிக்காவில் வென்மோ என்று பணம் அனுப்பும் ஒரு செயலி. ஹோட்டல் பில்லைப் பங்குபோட, வாடகையில் பாதி கொடுக்க என்று சர்வசாதாரணமாகப் பயன்படுத்துவார்கள். நாமாகப் போய் மாற்றாவிட்டால் யார் யாருக்கு அனுப்பினார், எதற்காக என்ற குறிப்பு எல்லாம் ஊருக்கே தெரியும். தொகை மட்டும் தெரியாது. (பாதி மானத்தைக் காப்பாற்றிவிட்டார்களாம்!)

2018-இல் ஓர் ஆய்வாளர், முந்தைய ஆண்டின் 20 கோடிக்கும் மேலான பரிவர்த்தனைகளை எடுத்துப் பார்த்தார். ஹேக்கிங் எல்லாம் இல்லை, திறந்தே கிடந்தது. கஞ்சா விற்பவரின் வியாபாரம், ஒரு காதல் ஜோடியின் சண்டை சமாதானம், தள்ளுவண்டியில் சோளம் விற்பவரின் வாடிக்கையாளர்கள், எல்லாம் அதில் இருந்தது.

2021 மே மாதம் பஸ்ஃபீட் நிருபர்கள் அதிபர் பைடனின் கணக்கையே பத்து நிமிடத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். வென்மோவில் நம் நண்பர்கள் யார் யார் என்ற பட்டியலை மறைக்க அதுவரை வழியே இல்லை. அதிபர் சிக்கிய பிறகுதான் வழி பிறந்தது.

"வேண்டாமென்றால் மாற்றிக்கொள்ளலாமே" என்பார்கள். யார் மாற்றுகிறார்கள்? ஃபோனோடு வந்த ரிங்டோனையே மாற்றாத ஆட்கள் நாம். ஐரோப்பாவில் தனிநபர் தகவல்களைப் பாதுகாக்கும் ஜிடிபிஆர் சட்டம், 25-ஆம் பிரிவில், இதைத் தலைகீழாக்கியது: முதலில் மூடியே இருக்க வேண்டும், வேண்டுமானால் நாம் திறந்துகொள்ளலாம். அதுதான் நியாயம்.

சரி, நம்மூர் விஷயம். வாட்ஸப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, அப்புறம் குரூப்ஸ். அங்கே 'எவ்ரிஒன்' என்றிருந்தால், உங்கள் நம்பர் கிடைத்த யாரும் உங்களைக் குழுவில் சேர்க்கலாம். நான் 'மை காண்டாக்ட்ஸ்' ஆக்கிவிட்டேன். பிளாட் விற்கிறவர்கள் இப்போது அனுமதி கேட்டுத்தான் வருகிறார்கள்.