பதில் வரவில்லை

"சாட் வேலை செய்யல சார்" என்று யாராவது கூப்பிட்டால் நான் கேட்கிற முதல் கேள்வி, "எப்படித் தெரிஞ்சுது?" என்பதுதான். எதிரே இருப்பவருக்குக் கோபம் வரும். ஆனால் கிடைக்கிற பதில் அநேகமாக ஒன்றுதான்: "நான் போட்டேன், யாரும் பதில் போடல." அலுவலகச் சாட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்து பல வருடங்கள் ஓடிவிட்டன. பதில் வராமல் போனதற்குக் காரணம் கம்பியா, நிரலா, ஆளா என்று பிரித்துப் பார்ப்பதிலேயே என் வேலையில் முக்கால்வாசி கழிந்திருக்கிறது.

நாங்கள் தொடங்கியது ஐஆர்சி (இன்டர்நெட் ரிலே சாட்) என்ற பழைய எழுத்துச் சாட் முறையில். 1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினன் எழுதியது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அதற்கு வயசாகிவிட்டது. ஆனால் மூலையில் கிடக்கும் பழைய கணினியில் ஓட்டிவிடலாம். மாதக்கணக்கில் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. படம் போட முடியாது, நீங்கள் இல்லாத நேரத்தில் பேசியது உங்களுக்கு வந்து சேராது. வெறும் எழுத்து மட்டும்தான் என்பதால் கோளாறு வந்தாலும் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

முதலில் பிடிபட்டது வால் முளைத்த பெயர்கள். ஐஆர்சி-யில் ஒரு பெயரில் ஒருவர்தான் இருக்க முடியும். ஒருவருடைய கேபிள் கழன்றுவிட்டது என்று வையுங்கள். அவருடைய கணினி சொல்லிக்கொண்டு போகவில்லை, அதனால் சர்வருக்கு அவர் போனது தெரியாது. அது அவ்வப்போது 'பிங்' என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பும். அதற்கு 'பாங்' என்று மறுமொழி வர வேண்டும். சில நிமிடம் பார்த்துவிட்டு, வரவில்லை என்றால்தான் 'பிங் டைம்அவுட்' என்று எழுதி ஆளைக் கழற்றிவிடும். அதற்குள் இவர் கேபிளைச் செருகித் திரும்ப நுழைந்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று சர்வர் மறுக்கும். சாட் நிரலும் சமர்த்தாகப் பெயருக்குப் பின்னால் ஓர் அடிக்கோட்டை ஒட்டி உள்ளே தள்ளிவிடும். இப்போது குழுவில் இரண்டு பேர்: வாலோடு உயிருள்ளவர், வாலில்லாமல் ஒரு பேய். பேய் என்பது நான் வைத்த பெயரில்லை, ஐஆர்சி-க்காரர்கள் சொல்வதே அப்படித்தான்.

கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் அந்தப் பேய்க்கு நான்கு முறை தனிச்செய்தி அனுப்பிவிட்டு, பொறுக்க முடியாமல் எழுந்து போய், "ஏன் தம்பி, பார்த்துட்டும் பதில் சொல்ல மாட்டீங்களா?" என்று மேஜை முன்னால் நின்றுவிட்டார். அந்தத் தம்பி ஒன்றையும் பார்த்திருக்கவில்லை. நான் பிங், பாங் எல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தத் தம்பியைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்றே நினைத்திருப்பார்.

அப்புறம் ஒரு ஃபயர்வால் வந்தது, நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் கருவி. கொஞ்ச நேரம் எதுவும் போகாமல் வராமல் இருக்கும் இணைப்பை அது மறந்துவிடும், அதுவும் இரண்டு பக்கத்துக்கும் தகவல் சொல்லாமல். பகல் முழுக்க வாயாடும் குழுக்களில் இருப்பவர்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அதிகம் பேச்சு நடக்காத அமைதியான குழுக்களில் மட்டும் இருக்கும் ஆட்களுக்குத்தான் சாட் செத்துப்போகும். அவர்கள் திரையில் எல்லார் பெயரும் வரிசையாகத் தெரியும், புதிதாக ஒரு வரி வராது. இன்று யாரும் எதுவும் பேசவில்லை போலிருக்கிறது என்று அவர்களும் இருந்துவிடுவார்கள். புகாரே வராத கோளாறு இது. ஒரு வாரம் கழித்து, "இதைத்தான் குழுவில் சொன்னோமே" என்று ஒரு கூட்டத்தில் சண்டை வந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. ஃபயர்வாலின் பொறுமையை விடச் சர்வரின் பிங் இடைவெளி நீளமாக இருந்திருக்கிறது. பிங் இடைவெளியைக் குறைத்தேன், முடிந்தது.

ஆனால் இதெல்லாம் சில்லறை. என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது ஒரு 'வேண்டாம்'.

ஐஆர்சி விதிப்படி ஒரு செய்தி, வரிமுடிவுக் குறிகள் உட்பட, 512 பைட்டை (கணினி எழுத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. அனுப்புகிறவர் பெயர், அவர் கணினியின் முகவரி, குழுவின் பெயர் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் நானூறு எழுத்துக்கு மேல் தாராளமாக இடம் இருக்கும். தமிழில் அப்படியில்லை. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 'க' என்றால் 3 பைட், 'கு' என்றால் 6. புள்ளி வைத்தால் அந்தப் புள்ளிக்குத் தனியாக 3. 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லே 24 பைட் எடுத்துக்கொள்ளும். பதினாறு, பதினேழு சொல் தாண்டினால் மிச்சத்தைச் சர்வர் சத்தமில்லாமல் வெட்டிவிடும். நீளமான செய்தியைத் துண்டாக்கி அனுப்பும் நிரல்களும் உண்டு. எங்களுடையது துண்டாக்கத்தான் செய்தது, ஆனால் பைட்டை எண்ணாமல் எழுத்தை எண்ணிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மாலை மூத்த பொறியாளர் ஒருவர் குழுவில் நீளமாக ஒரு வாக்கியம் போட்டார். புதிய சர்வருக்கு மாறும் வேலை இன்னும் சரிபார்க்கப்படவில்லை, ஆகையால் நாளை மாலை வரை பழைய காப்புப் பிரதிகளை நீக்க வேண்டாம் என்பது அதன் சாரம். போய்ச் சேர்ந்தது 'நீக்க' வரைக்கும்தான். அதற்கு அடுத்து ஒரு சின்னக் கட்டம். 'வே'யின் முதல் சில பைட் மட்டும் தப்பிப்போய், எழுத்தாக முடியாமல் கட்டமாக நின்றிருக்கிறது. படித்த இளைஞர் அதை ஏதோ சிரிப்பு முகம் என்றும், தன் கணினியில் அது தெரியவில்லை என்றும் எடுத்துக்கொண்டார். 'நீக்க' என்பதை மனதுக்குள் 'நீக்கவும்' என்று முடித்துக்கொண்டு நீக்கியும்விட்டார்.

மறுநாள் இருவரும் என் மேஜைக்கு வந்தார்கள். "வேண்டாம்னு தெளிவா போட்டிருக்கேன் பாருங்க" என்று அவர் தன் திரையைக் காட்டினார். அதில் முழு வாக்கியமும் இருந்தது. ஐஆர்சி-யில் நாம் அனுப்பியதை நமக்குத் திருப்பிக் காட்டுவது சர்வர் இல்லை, நம் கணினியே எழுதிக்கொள்கிறது. வெட்டுப்பட்டது அதற்குத் தெரிய வழியில்லை. இளைஞர் தன் திரையைக் காட்டினார். அதில் கட்டம். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், இரண்டு பேரிடமும் சாட்சி இருக்கிறது. நல்ல வேளை, வேறோர் இடத்தில் ஒரு பிரதி இருந்தது. அதை மீட்டெடுக்க அரை நாள் ஆனது.

செய் என்பதும் செய்யாதே என்பதும் நம் மொழியில் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. கடைசியிலிருந்து வெட்டுகிற இயந்திரத்துக்கு முதல் பலி அதுதான். நிரலில் பைட் கணக்கில் துண்டாக்கும்படி அமைப்பை மாற்றினேன், சரி. ஆனால் அதற்கும் மேலே ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தேன்: 'நீக்க வேண்டாம்' என்று முதல் வரியில் போட்டுவிட்டு, காரணத்தைக் கீழே எழுதுங்கள். இப்போது ஐஆர்சி போய்விட்டது, புதிய சாட் எதையும் வெட்டுவதில்லை. ஆனால் நீளமான செய்தியைச் சுருட்டி, 'மேலும் காட்டு' என்று ஒரு பொத்தானுக்குள் ஒளித்துவைக்கிறது. யார் அதை அழுத்துகிறார்கள்? அந்தப் பழக்கம் இன்றும் உதவுகிறது.

இடையில் ஒரு திங்கட்கிழமைக் கோளாறும் உண்டு. ஒரே ஒரு கணினி, வாரத்தில் ஒரே ஒரு காலை, சாட்டுக்குள் நுழையாது. நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிடும். நான் வந்தாலே சரியாகிறது என்று அந்தப் பக்கம் எனக்கு ஒரு கைராசிப் பெயர்கூட உண்டு. வார இறுதியில் மெயினை நிறுத்துகிறார்கள், கடிகாரத்தை ஓட்டும் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கிறது, கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடுகிறது, அந்தத் தேதியில், சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் அதன் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் நெட்வொர்க்கிலிருந்து நேரம் வந்து எல்லாம் சரியாகிவிடும். பேட்டரியை மாற்றியதும் கைராசி போய்விட்டது.

புதிய சாட்டில் கம்பிக் கோளாறு குறைவு. பதில் வராத புகார் மட்டும் குறையவில்லை. பதிலை ஒரு த்ரெட்டுக்குள், அதாவது செய்திக்குக் கீழே தனியாகக் கிளைத்துப் போகும் உரையாடலுக்குள், போட்டிருப்பார்கள், கேட்டவர் வெளியே காத்திருப்பார். போனில் பேட்டரி சேமிக்கும் அமைப்பு நோட்டிஃபிகேஷனைத் தூங்க வைத்திருக்கும். யாரோ 'வணக்கம்' என்று மட்டும் போட்டுவிட்டு, திருப்பி வணக்கம் வந்தால்தான் விஷயத்தைச் சொல்வது என்று இருப்பார். மறுபக்கம் இருப்பவர், விஷயம் வரட்டும் என்று இருப்பார். இதற்கு என்னிடம் எந்த அமைப்பும் கிடையாது.

போன வாரம் பொதுக் குழுவில் ஒருவர், "சாட் வேலை செய்யுதா?" என்று போட்டார். இருபத்தாறு பேர் பார்த்ததாகக் காட்டியது. அதில் நானும் ஒருவன். வேறு யாராவது சொல்லிவிடுவார்கள் என்று இருந்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து என் பெயருக்கு ஒரு புகார் டிக்கெட் வந்தது: "சாட் வேலை செய்யல."