எண்ணெய் கேட்காத மணிக்கூடு

கொழும்பு புறக்கோட்டையில் அப்பாவின் மணிக்கூடு திருத்தும் கடைக்குக் கடற்காற்றுத்தான் முதல் எதிரி. உப்பும் தூசியும் சேர்ந்து எண்ணெயைப் பசையாக்கிவிடும்.

அதனால்தானோ என்னவோ, ஜோன் ஹாரிசனை எனக்குப் பிடித்துப்போனது. 1693இல் யோர்க்சயரில் பிறந்த தச்சர் மகன். தானாகவே எண்ணெய் கசியும் மரத்தில் உருளைகள் கடைந்து, எண்ணெயே கேட்காத மணிக்கூடு செய்தார். அப்பாவிடம் சொன்னேன். “எல்லோரும் அப்படிச் செய்திருந்தால் நாங்கள் பட்டினிதான், மகள்” என்று சிரித்தார்.

நடுக்கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறது என்று அறிய, புறப்பட்ட இடத்து நேரம் பிசகாமல் தெரியவேண்டும். அதற்கும் கப்பல் நிற்கும் இடத்தில் சூரியன் காட்டும் நேரத்துக்கும் 4 நிமிட வித்தியாசம் என்றால் ஒரு பாகை. 1761இல் ஜமெய்க்காவுக்குப் புறப்பட்ட அவருடைய நான்காவது கடற்கடிகாரம், 81 நாட்களில் சுமார் 5 விநாடிதான் பின்தங்கியது. அப்படியும், இந்தச் சிக்கலைத் தீர்ப்பவருக்கென்று பிரித்தானியப் பாராளுமன்றம் அறிவித்திருந்த பரிசுப் பணத்தை இழுத்தடித்தார்கள். மிச்சத் தொகை கைக்கு வந்தபோது அவருக்கு 80 வயது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோட்டை மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடக்கும்போது கணக்குப் போடுவேன். பாகைக் கணக்குத் தொடங்கும் லண்டன் கிரீனிச்சிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 80 பாகை கிழக்கு. கிரீனிச்சை விட 5 மணி 20 நிமிடம் முன்னே. கோபுரமோ 5 மணி 30 நிமிடம் முன்னே ஓடுகிறது. அந்த 10 நிமிடத்தைப் பற்றி அப்பாவிடம் கேட்டால், “சூரியனைக் கொண்டுவா, திருத்தித் தருகிறேன்” என்கிறார்.